பழைய ஸ்போர்ட்ஸ் கார்: எந்த வண்டியின் தொல்லை உங்களுக்குத் தோதுப்படும்?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது குதிரைசக்தியையும், நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை விநாடி ஆகிறது என்பதையும்தான். புது வண்டிக்கு அது சரி. பத்துப் பதினைந்து வருடம் ஓடிய வண்டிக்கு அந்தக் கணக்கு பெரிதாக உதவாது. கையில் கிடைக்கும் எல்லாமே சாலைக்குத் தேவையானதைவிட வேகமாகத்தான் போகும். ஒவ்வொன்றும் எப்படிப் படுத்தும் என்பதில்தான் வித்தியாசம். ஒன்று காலை நேரத்தில் இரண்டாவது கியருக்குப் போக அடம் பிடிக்கும். இன்னொன்று, பத்தடி நகர்த்தி நிறுத்தினோம் என்பதற்காகவே அடுத்த முறை ஸ்டார்ட் ஆகாது. வேறொன்று வருடக்கணக்கில் ஒரு முனகலும் இல்லாமல் ஓடிவிட்டு, ஒரே நாளில் இன்ஜினைக் காவு வாங்கிவிடும்.

இந்த மாதிரி தேடலில் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் ஐந்து வண்டிகளை எடுத்துக்கொள்கிறேன்: மஸ்டா எம்.எக்ஸ்-5, டொயோட்டா 86, ஹோண்டா எஸ்2000, போர்ஷே பாக்ஸ்டர், மஸ்டா ஆர்.எக்ஸ்-8. ஐந்துமே பின்சக்கரம் இழுக்கும் வண்டிகள். ஐந்தையும் கையால் கியர் போட்டு ஓட்டினால்தான் ருசி. நிசான் 350இசட்டும் இந்த வரிசையில் வரக்கூடியதுதான். ஆனால் அதன் குறைகள் பெரும்பாலும் எடை, பின்பக்கம் சரியாகத் தெரியாதது, கதவுக் கண்ணாடி மோட்டார் பழுதாவது என்று சில்லறை விஷயங்கள். முடிவை மாற்றும் அளவுக்கு எதுவும் இல்லை என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

ஆர்.எக்ஸ்-8லிருந்து ஆரம்பிக்கலாம். ஏனென்றால் எல்லாரையும் முதலில் இழுப்பது அதுதான். மற்ற நான்கோடு ஒப்பிட்டால் விலை குறைவு, பார்க்க அழகு, பின்னால் இரண்டு பேர் நிஜமாகவே உட்காரலாம். இன்ஜினில் பிஸ்டன் கிடையாது. ஒவ்வொன்றும் 654 சிசி கொள்ளளவு கொண்ட இரண்டு அறைகளுக்குள் முக்கோண வடிவ ரோட்டர்கள் சுழல்கின்றன. அதிக சக்தி கொண்ட மாடலில் 9000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இன்ஜின் சுழலும் எண்ணிக்கை) வரை மெழுகு போல ஏறும். அதற்கு மேல் போகவேண்டாம் என்று ஒரு பீப் ஒலி எச்சரிக்கும். இந்த இன்ஜினை ஒருமுறை ஓட்டியவர் அதன் ரசிகராகிவிடுவார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

தொல்லை சின்னச் சின்ன ஓட்டத்தில் ஆரம்பிக்கிறது. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்கிறீர்கள், இன்னொரு காருக்கு வழிவிட வண்டியைப் பத்தடி நகர்த்துகிறீர்கள், உடனே அணைக்கிறீர்கள். குளிர்ந்திருக்கும்போது இன்ஜினுக்கு அதிக பெட்ரோல் போகும். அதில் எரியாதது அறைக்குள்ளேயே தங்கி பிளக்கை நனைத்துவிடும். அடுத்த முறை சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. இங்கேதான் பலர் விடாமல் சாவியைத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு திருப்பலுக்கும் மேலும் பெட்ரோல் உள்ளே போகிறது. ரோட்டரின் முனைகளில் காற்று கசியாமல் அடைத்துக்கொண்டிருக்கும் ஆயில் படலத்தை அது கழுவிவிடுகிறது. கம்ப்ரெஷன், அதாவது அறைக்குள் காற்று அமுங்கும் அழுத்தம், இறங்குகிறது, ஸ்டார்ட் ஆகும் வாய்ப்பும் அதோடு இறங்குகிறது, கடைசியில் பேட்டரியும் போகிறது. அப்படி நேர்ந்தால் ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றவிட வேண்டும். அந்த நிலையில் பெட்ரோல் வருவது நின்றுவிடும், உள்ளே தேங்கியது வெளியேறும். அதற்கும் மசியவில்லை என்றால் பிளக்குகளைக் கழற்றிக் காயவைப்பதுதான் வழி. வராமல் தடுப்பது சுலபம்: ஒருமுறை ஸ்டார்ட் செய்தால் சூடாகும்வரை அணைக்கக் கூடாது. கேட்கச் சின்ன விஷயம். ஆனால் பக்கத்துத் தெருக் கடைக்கு, பள்ளிக்கூடத்துக்கு என்று ஓட்டும் வண்டியாக இருந்தால் தினமும் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். வீட்டில் வண்டியை எடுக்கும் எல்லாரும் நினைவில் வைத்திருக்க வேண்டும், அது இன்னும் கஷ்டம்.

இது ஆயில் குடிக்கும் என்பார்கள். அது நோயல்ல, அமைப்பே அப்படி. முனைகள் தேயாமல் இருக்க இன்ஜினே கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலை அறைக்குள் செலுத்தி எரிக்கிறது. இரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒரு முறையாவது டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். இக்னிஷன் காயில்கள் சீக்கிரம் பலவீனமாகும். அதைக் கவனிக்காமல் விட்டால் எரியாத பெட்ரோல் பின்னால் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை உருக்கி அடைக்கும். சைலன்சர் பாதை அடைத்தால் சூடு இன்ஜினுக்கே திரும்பும். காயில் மாற்றுவது அரைமணி வேலை. அதைத் தள்ளிப்போட்டவர் கட்டும் அபராதம் முழு இன்ஜின்.

வாங்கப் போகிறவருக்கு ஒரு நல்ல பரீட்சை இருக்கிறது. மற்ற வண்டிகளை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பார்க்க வேண்டும், இதைச் சூடாக்கியும் பார்க்க வேண்டும். நன்றாக ஓட்டிவிட்டு அணைத்து, பத்து நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள். சட்டென்று பிடித்தால் நல்லது. நீளமாக இழுத்து இழுத்துப் பிடித்தால் கம்ப்ரெஷன் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், விற்பவர் பேட்டரி பழசு என்று எவ்வளவு சொன்னாலும் சரி. ரோட்டரி இன்ஜினுக்கான தனி கம்ப்ரெஷன் டெஸ்டர் உண்டு. சாதாரண கேஜ் ரோட்டரின் மூன்று பக்கங்களில் அதிகமான அளவை மட்டும் காட்டி நம்மை ஏமாற்றிவிடும். 2008க்குப் பிறகு வந்த இரண்டாவது வரிசையில் ஒவ்வொரு ரோட்டருக்கும் ஆயில் செலுத்தும் துளை ஒன்றைக் கூட்டினார்கள். தேர்வு இருந்தால் அதையே எடுக்கலாம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்த வண்டியைப் பற்றித்தானோ என்று தோன்றும்.

பாக்ஸ்டர் இதற்கு நேர் எதிர். தினசரி ஓட்டத்தில் எந்த வம்பும் செய்யாது. இன்ஜின் நடுவில் இருப்பதால் முன்னால் ஒரு டிக்கி, பின்னால் ஒரு டிக்கி. சஸ்பென்ஷன் கடினமாக இல்லை, ஸ்டீயரிங் பேசும், நெடுந்தூரம் போனாலும் முதுகு வலிக்காது. ஐந்தில் எதை ஓட்டிப் பார்த்தால் உடனே கையெழுத்துப் போடத் தோன்றும் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அதனாலேயே எச்சரிக்கையும் வேண்டும்.

1996இல் வந்த 986 என்ற முதல் தலைமுறையில் தொடங்கி 2008 வரையிலான இன்ஜின்களில் ஐ.எம்.எஸ். எனப்படும் இடைநிலைத் தண்டு ஒன்று உண்டு. வால்வுகளைத் திறந்து மூடும் கேம்களை ஓட்டும் சங்கிலிகள் அதிலிருந்துதான் போகின்றன. அந்தத் தண்டின் ஒரு முனையைத் தாங்கும் பேரிங் மூடிய வகை, தன் சொந்தக் கிரீஸிலேயே வாழ வேண்டியது. காலப்போக்கில் மூடியின் ரப்பர் தளர்ந்தால் இன்ஜின் ஆயில் உள்ளே போய்க் கிரீஸைக் கழுவிவிடும். பேரிங் தேய்ந்து உடைந்தால் சங்கிலியின் கணக்கு தப்பும், பிஸ்டனும் வால்வும் மோதும். அவ்வளவுதான், இன்ஜின் முடிந்தது. எல்லா வண்டிக்கும் இப்படி ஆவதில்லை, பெரும்பாலானவை ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் எது ஆகும் எது ஆகாது என்று ஓட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. சிக்கல் அதிகம் பேசப்பட்டது 2000 முதல் 2005 வரையிலான ஒற்றை வரிசை பேரிங்கில். அமெரிக்காவில் வழக்கு வரை போய் சமரசமானது அந்தக் காலத்து வண்டிகளை ஒட்டித்தான். 2006 வாக்கில் பெரிய பேரிங் வந்தது. அது பலமானது, ஆனால் இன்ஜினைப் பிளக்காமல் வெளியே எடுக்க முடியாது. 2009 மாடலிலிருந்து வந்த புதிய இன்ஜினில் அந்தத் தண்டே இல்லை.

பேரிங்கை மாற்ற கியர் பாக்ஸை இறக்க வேண்டும். கிளட்ச் மாற்றவும் அதே வேலைதான். எனவே விற்பவரிடம் கிளட்ச் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டு, அந்த பில்லில் பேரிங்கும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பாதி கவலை போயிற்று. இல்லை என்றால் வாங்கியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை அது என்று விலையில் கழித்துக்கொள்ள வேண்டும். குறைவாக ஓடியது என்பதை இந்த வண்டிக்குப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அது உவப்பாக இல்லை. அடிக்கடி ஓடி, அடிக்கடி ஆயில் மாற்றிய வண்டியே மேல் என்பது இவற்றோடு பழகிய மெக்கானிக்குகளிடம் பரவலாகக் கேட்கும் பேச்சு.

பாக்ஸ்டரின் மற்ற தொல்லைகள் கொஞ்சம் வேடிக்கையானவை. முன்பக்க மூலைகளில் உள்ள காற்று வாய்களுக்குப் பின்னால் ரேடியேட்டர்கள் இருக்கின்றன. அவை காய்ந்த இலைகளையெல்லாம் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஈரம் சேர்ந்து மக்கி ரேடியேட்டரையே அரித்துவிடும். கை விட்டு வழித்தெடுக்கலாம், வருடத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். துணிக்கூரைக்கான வடிகால் அடைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கி சீட்டுக்கு அடியில் தேங்கும். 986இல் சாவியைச் சரிபார்க்கும் இம்மொபிலைசரின் எலக்ட்ரானிக் பெட்டி இருப்பதும் சீட்டுக்கு அடியில்தான். தரைவிரிப்பு நனைந்தது தெரியும் முன்பே சாவியை அடையாளம் தெரியாது என்று வண்டி கைவிரிக்கும். அடுத்த தலைமுறையான 987இல் வேறொரு கூத்து. பேட்டரி முன் டிக்கிக்குள் இருக்கிறது, டிக்கியைத் திறப்பதோ மின்சாரப் பூட்டு. பேட்டரி செத்தால் பேட்டரியை எடுக்கவே வழியில்லை. இதற்கென்றே ஓட்டுநர் பக்கக் கால்மாட்டில் உள்ள ஃபியூஸ் பெட்டியில் இழுத்தால் வெளியே வரும் ஒரு முனை வைத்திருக்கிறார்கள். அதில் இன்னொரு பேட்டரியின் பாசிட்டிவ் கம்பியைக் கொடுத்து, நெகட்டிவைக் கதவின் உலோகப் பகுதியில் தொட்டால் பூட்டு திறக்கும். வாங்கிய அன்றே இதைக் கற்றுவைத்துக்கொள்வது நல்லது. இரவில் மழையில் கையேட்டைப் புரட்டிப் படிக்கிற விஷயம் இல்லை.

எஸ்2000 பற்றிப் பேசும்போது எல்லாரும் 9000 ஆர்.பி.எம். என்றே பேசுவார்கள். டர்போ இல்லாத 2 லிட்டர் இன்ஜினில் 240 குதிரைசக்தி எடுத்தது 1999இல் சாதாரண காரியமில்லை. ஆனால் அந்தச் சக்தி முழுக்க மாடியில் இருக்கிறது. வால்வுகள் திறக்கும் விதத்தை மாற்றும் விடெக் வேலைசெய்யத் தொடங்கும் 6000 ஆர்.பி.எம். வரை இது ஒரு சாதாரணக் குடும்ப கார் மாதிரிதான் இழுக்கும். நெரிசலில் தினமும் ஓட்டுகிறவருக்கு அந்த மாடிக்குப் போக வாய்ப்பே வராது. இரண்டாவது கியரிலேயே சாலையின் வேக வரம்பு முடிந்துவிடும்.

இன்ஜின் தானாகப் படுத்தாது. படுத்துவது பெரும்பாலும் முந்தைய உரிமையாளரின் கை. மூன்றாவதிலிருந்து நாலாவதுக்குப் போக வேண்டிய கியர் அவசரத்தில் இரண்டாவதில் விழுந்துவிட்டால், சக்கரங்களே இன்ஜினை அளவுக்கு மீறிச் சுற்றவைக்கும். இன்ஜின் அளவு மீறிச் சுழலாமல் பார்த்துக்கொள்ளும் ரெவ் லிமிட்டரால் பெட்ரோலை நிறுத்த முடியும், இதைத் தடுக்க முடியாது. இந்தத் தவறில் முதல் வரிசை வண்டிகளில் வால்வு ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் ரிடெய்னர்கள் விரிசல் விடும், ஆனால் அன்றே உடையாது. நீங்கள் வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கும்போது வால்வு உள்ளே விழலாம். விவரம் தெரிந்த மெக்கானிக் வால்வு மூடியைத் திறந்து ரிடெய்னர்களைப் பார்த்துச் சொல்வார். மற்றபடி குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது சங்கிலி டென்ஷனர் கடகடப்பது, ரிவர்ஸ் எடுத்து முன்னே நகரும்போது பின்சக்கரப் பக்கம் டிக் என்று ஒரு சத்தம் வருவது எல்லாம் சின்ன விஷயங்கள். அந்த டிக் சத்தத்துக்குப் பின் அச்சின் நட்டைத் தளர்த்தி மறுபடி சரியான இறுக்கத்தில் முடுக்கினாலே பெரும்பாலும் போய்விடும்.

பயப்பட வேண்டியது மழையில். 2004க்கு முந்தைய வண்டிகளில் சஸ்பென்ஷன் அமுங்கும்போது பின்சக்கரங்களின் கோணம் கணிசமாக மாறும். ஈரச் சாலையில் வளைவின் நடுவே பயந்து ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் சட்டென்று வெளியே போகும். பிடிக்க அவகாசம் குறைவு. 2004 மாற்றத்தில் அந்தக் கோண மாற்றத்தைக் குறைத்து, சக்கரத்தை 17 அங்குலமாக்கினார்கள். வண்டி நிதானமானது. பின்பக்கம் தேய்ந்த டயரோ, முன்னும் பின்னும் வெவ்வேறு பிராண்டோ போட்டிருந்தால் ஓட்டிப் பார்க்கவே வேண்டாம் என்பேன். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 3214 என்றால் 2014ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். ஆழம் நன்றாக இருந்தும் பத்து வயதான டயர் இறுகிப்போய் ஈரத்தில் பிடிக்காது. குறைவாக ஓடிய ஸ்போர்ட்ஸ் கார்களில் இந்த ஏமாற்று சர்வ சாதாரணம், ஐந்து வண்டிக்கும் பொருந்தும்.

86இல் இப்படி உயிரை எடுக்கும் தொல்லை எதுவும் இல்லை. 2012இல் வந்தது, பட்டியலில் இளையது. 2 லிட்டர், 200 குதிரைசக்தி, பிஸ்டன்கள் படுத்தவாக்கில் ஓடும் சுபாருவின் தட்டை இன்ஜின். சுபாரு பி.ஆர்.இசட் என்பதும் அடிப்படையில் இதே வண்டிதான். இதன் குறை ஓட்டும்போது தினமும் தெரியும். 3000 ஆர்.பி.எம்.முக்கு மேல் இழுவை கொஞ்சம் இறங்கி, 4500ஐத் தாண்டினால்தான் மறுபடி எழும். லாரியை முந்த வெளியே வந்து காலை அழுத்தும்போது பெரும்பாலும் நீங்கள் அந்தப் பள்ளத்துக்குள்தான் இருப்பீர்கள். ஒரு கியர் இறக்கிக்கொண்டு முந்தப் பழகிவிட்டால் போதும். பழக மனமில்லாதவருக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். 2021இல் 2.4 லிட்டரோடு வந்த அடுத்த தலைமுறையில் இந்தக் குறை போய்விட்டது. நின்றுகொண்டிருக்கும்போது பானெட்டுக்குள்ளிருந்து சில்வண்டு மாதிரி சத்தம் வந்தால் அது உயர் அழுத்தப் பெட்ரோல் பம்ப், கேட்டுப் பழகிக்கொள்ளலாம்.

கேட்க வேண்டியது ஒன்று உண்டு. தொடக்க வருட வண்டிகளின் வால்வு ஸ்பிரிங்குகளை மாற்ற 2018 இறுதியில் ரீகால், அதாவது நிறுவனமே வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்யும் ஏற்பாடு, அறிவித்தார்கள். அதற்கு இன்ஜினை இறக்கிப் பிரித்துச் சேர்க்க வேண்டும். ஒட்டும் பசையை அளவுக்கு மீறித் தடவிச் சேர்த்த சில இன்ஜின்களில் அந்தப் பசைத் துணுக்குகள் ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்த கதைகளும் வந்தன. எனவே ரீகால் செய்யப்பட்டதா என்பதோடு, செய்த பிறகு எவ்வளவு ஓடியிருக்கிறது என்றும் கேளுங்கள். நல்லபடியாகக் கணிசமான தூரம் ஓடியிருந்தால் நிம்மதி. இன்னொன்று, 86ஐ வாங்குகிறவர்களில் பலர் அதைச் சும்மா விடுவதில்லை. தாழ்த்திய சஸ்பென்ஷன், மாற்றிய சைலன்சர், டர்போ என்று கைவைத்த வண்டிகள் நிறைய. யாரும் கைவைக்காத ஒன்று கிடைக்கும்வரை பொறுத்திருப்பது நல்லது.

கடைசியாக எம்.எக்ஸ்-5. 1989இலிருந்து வருவதால் எந்தத் தலைமுறை என்பதைப் பொறுத்து பேச்சு மாறும். ஆனால் பொதுவான குணம் ஒன்றுதான்: தொல்லைகள் நிறைய, எல்லாம் சின்னது. முதல் இரண்டு தலைமுறைகளில் காலையில் இரண்டாவது கியர் முரண்டும். கியர் பாக்ஸ் ஆயில் சூடானதும் சரியாகிவிடும், அதுவரை அவசரப்படாமல் போட்டால் போதும். கிளட்ச் பெடல் ஒருநாள் திடீரென்று தளர்ந்து தரையோடு போய்விடும், கியர் விழாது. கிளட்சே போய்விட்டது என்று பதற வேண்டாம். கியர் பாக்ஸ் பக்கத்தில் இருந்து கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் கசிந்திருக்கும். பெடலை வேகமாகப் பலமுறை மிதித்தால் ஒரு கியர் போடும் அளவுக்கு அழுத்தம் திரும்ப வரும், வீடு வந்து சேரலாம். வாங்கும்போதே பானெட்டைத் திறந்து கிளட்ச் எண்ணெய் கறுத்திருக்கிறதா, ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறைக்குள் ஈரம் இருக்கிறதா என்று பார்த்தால் இது வரப்போகிறதா என்று தெரிந்துவிடும். பாகமும் மலிவு, வேலையும் கொஞ்ச நேரம்.

எம்.எக்ஸ்-5இன் உண்மையான எதிரி துரு. மடக்கும் கூரையில் விழும் தண்ணீர் சீட்டுக்குப் பின்னால் உள்ள குழாய்கள் வழியாகக் கீழே இறங்க வேண்டும். இலையும் மண்ணும் அடைத்தால் தண்ணீர் கதவுக்குக் கீழே உள்ள சட்டத்துக்குள் நின்றுவிடும். துரு உள்ளிருந்து வெளியே வரும், பெயின்ட் குமிழ் விடும்போது உள்ளே பாதி போயிருக்கும். பார்க்கப் போகும்போது ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துப் போங்கள். கூரையின் பின் மூலையில் மெதுவாக ஊற்றுங்கள், பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் வடிய வேண்டும். வடியாவிட்டால் சீட்டுக்குப் பின்னுள்ள விரிப்பில் கை வைத்து அழுத்திப் பாருங்கள், அப்புறம் பின்சக்கர வளைவின் ஓரத்தை விரலால் தட்டுங்கள். 1990–91 காலத்து ஆரம்ப 1.6 லிட்டர் இன்ஜின்களில் இன்ஜினின் முதன்மைத் தண்டான கிராங்கின் முன்முனை குட்டையாக இருந்ததால் புல்லி ஆடித் தேய்ந்துவிடும் சிக்கலும் உண்டு. அதை மட்டும் தெரிந்தவரை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். உயரமானவர்கள் உட்கார்ந்து பார்க்காமல் விலை பேசவே வேண்டாம். தலை கூரையில் இடிக்கும் வண்டியை எந்த மெக்கானிக்காலும் சரிசெய்ய முடியாது.

சரி, எதை எடுப்பது? வீட்டில் இருக்கும் ஒரே வண்டி இதுதான் என்றால் 86. பின் சீட்டை மடக்கினால் சாமான் போகும், கூரை கெட்டி, மழையில் கவலையில்லை. இழுவைப் பள்ளம் எரிச்சல்தானே தவிர நடுவழியில் நிறுத்திவிடாது. வேறொரு வண்டி வீட்டில் இருக்கிறது, இது விடுமுறை நாளுக்கு என்றால் துரு இல்லாத எம்.எக்ஸ்-5. அதிலும் 2005க்குப் பிறகு வந்த மூன்றாவது தலைமுறையைப் பலரும் பெரிதாகிவிட்டது என்று ஒதுக்குகிறார்கள். எனக்கென்னவோ தினசரி ஓட்டத்துக்கு அதுவே தோது.

பாக்ஸ்டர் வேண்டும் என்று மனம் பிடிவாதம் பிடித்தால் 2009க்குப் பிந்தையதைப் பாருங்கள். கையிருப்பு அதற்குப் போதாது, பழையதுதான் முடியும் என்றால், வண்டி விலைக்கு மேல் கிளட்சும் பேரிங்கும் மாற்றும் செலவைத் தனியாக எடுத்துவைத்த பிறகே பேசுங்கள். அந்தத் தொகை இல்லாமல் பழைய பாக்ஸ்டர் வாங்குவது சூதாட்டம். எஸ்2000 இன்றைக்குச் சேகரிப்பாளர்கள் கையில் போய்க்கொண்டிருக்கிறது. அதன் மாடிக்கு அடிக்கடி ஏற இடமிருப்பவர், பந்தயத் தடத்தில் ஓட்டவிடும் டிராக் நாட்களுக்குப் போகிறவர் வாங்கலாம், 2004க்குப் பிந்தையதாக. மற்றவர்களுக்கு 86 அதே சந்தோஷத்தில் பெரும்பகுதியைக் குறைந்த பதற்றத்தில் கொடுத்துவிடும்.

ஆர்.எக்ஸ்-8ஐ வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்ல மனமில்லை. வேறு வண்டி இருக்கிறது, எடுத்தால் நெடுந்தூரம்தான் ஓட்டுவேன், ரோட்டரி தெரிந்த மெக்கானிக் எட்டும் தூரத்தில் இருக்கிறார் என்பவர் எடுக்கலாம். கம்ப்ரெஷன் டெஸ்ட் முடிவு இரண்டு ரோட்டருக்கும், மூன்று மூன்று பக்கத்துக்கும் தாளில் இருக்க வேண்டும். விற்பவர் அதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விடுங்கள்.